முதல் மெஷின்களுக்கு முப்பதாயிரம்: கோவை கார்பென்டர் ஒருவரின் கணக்கு

இந்த ஆய்வுக்குரியவர் கோவையைச் சேர்ந்த 26 வயது கார்பென்டர். பெயர் வேண்டாம் என்றார். தம்பி என்றே எழுதுகிறேன். பத்தாவது முடித்த கையோடு ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தவர். பிளைவுட், அதன் மேல் ஒட்டுகிற மைக்கா ஷீட், கிச்சன், வார்ட்ரோப் என்று இன்டீரியர் வேலை முழுக்க அத்துப்படி. ஆனால் சொந்தமாக இருந்தது ஒரு சுத்தியல், இரண்டு உளி, ஒரு மூலைமட்டம், ஒரு டேப். மெஷின் எல்லாம் மேஸ்திரியுடையது. கவுண்டம்பாளையம் பக்கம் ஒரு வீட்டு வேலை தனியாகக் கிடைத்தது: கிச்சன் முழுவதும், இரண்டு வார்ட்ரோப், லாஃப்ட் கதவுகள். பொருள் வீட்டுக்காரருடையது, கூலி சதுர அடிக் கணக்கு. கூட ஒரு ஹெல்பர்.

நான் கணபதியில் பவர் டூல் சர்வீஸும் ரீவைண்டிங்கும் (எரிந்த மோட்டாரின் கம்பிச் சுருளைத் திரும்பக் கட்டுவது) செய்கிறவன். மெஷின் விற்பதில்லை. அதனால் எந்தக் கம்பெனி மெஷின் நன்றாக ஓடினாலும் எனக்கு லாபமில்லை, எரிந்தால்தான் என் மேஜைக்கு வரும். இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-ல் இந்த ஊரில்தான் உருவானது என்பது கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கதை. அதன் பலன் இன்றும் இருக்கிறது. காயில் கட்டுகிற கடை இல்லாத வட்டாரம் இங்கே குறைவு. தம்பியின் கணக்கில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் பணம். கையில் இருந்தது 30,000 ரூபாய், அம்மாவின் நகையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து வாங்கியது. அரசுத் திட்டம் ஏதும் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் இவருக்கு எட்டவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர் உட்பட 18 தொழில்கள் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய் தருகிறார்கள். அந்தத் திட்டத்தை இப்போதுள்ள வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்தின் உச்சம் 50,000. நல்ல திட்டம்தான். ஆனால் குறைந்தபட்ச வயது 35. குலத்தொழில் என்று சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தள்ளிவிடக் கூடாது என்பது அந்த வயது வரம்புக்குச் சொல்லப்படும் காரணம். காரணம் சரியாகவே இருக்கட்டும். குலத்தொழிலாக இல்லாமல் பிழைப்புக்காகத் தொழில் கற்று 26 வயதில் தனியாக நிற்கிறவன் இடையில் மாட்டிக்கொள்கிறான். முத்ரா கடனில் சிசு பிரிவில் 50,000 வரை ஈடில்லாமல் கேட்கலாம். தம்பி வங்கிக்குப் போனார், காகிதம் கேட்டார்கள். வேலை அடுத்த வாரம் தொடங்க வேண்டும். நகைதான் கை கொடுத்தது.

அடுத்து பட்டியல். அவர் எழுதி வந்த பட்டியலில் ஒன்பது மெஷின் இருந்தன: கட்டிங் மெஷின், டிரில், ஹாமர் மெஷின் (சுவரில் துளை போடுவது), கிரைண்டர், பிளானர் (மரம் இழைப்பது), டிரிம்மர் (மைக்கா ஓரம் சீவுவது), ஜிக்சா (வளைவாக அறுப்பது), சாண்டர் (உப்புத்தாள் தேய்ப்பது), பேட்டரி ஸ்க்ரூடிரைவர். மேஸ்திரியின் வண்டியில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியது. ஆன்லைனில் பேர் தெரியாத பிராண்டுகளாக எடுத்தால் ஒன்பதும் 22,000-க்குள் வந்துவிடும் என்று போனில் காட்டினார். வந்துவிடும், அதில் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் பலர் சொல்கிற ஒரு யோசனை உண்டு. முதலில் எல்லாமே மலிவாக வாங்கு, எது அடிக்கடி உடைகிறதோ அதை மட்டும் நல்லதாக மாற்று. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அலமாரி செய்கிறவருக்கு இது அருமையான யோசனை. மெஷின் நின்றால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்வார். கூலி வேலைக்கு இது ஒத்துவராது. கட்டிங் மெஷின் காலை பத்து மணிக்கு நின்றால் அன்றைக்கு ஹெல்பருக்குச் சம்பளம் 800, தம்பியின் சொந்தக் கூலி 1,200, இரண்டும் போச்சு. கடைக்கு அலைகிற பெட்ரோல் தனி. மலிவு மெஷினில் மிச்சம் பிடித்தது இரண்டாயிரம் என்றால் ஒரே நாளில் அது கரைந்துவிடும். வீட்டுக்காரர் முகம் மாறுவதற்கு விலை போட முடியாது.

ஆகவே நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நாள் வேலையில் எந்த மெஷின் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? அவரை உட்கார வைத்து ஒரு வார்ட்ரோப் செய்வதை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னேன். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைக் கிழிப்பது, மைக்கா வெட்டுவது, ஒட்டுவது, ஓரம் டிரிம் செய்வது, பெட்டி கூட்டுவது, கீல் வைப்பது, சுவரில் அடிப்பது. சொல்லச் சொல்ல விஷயம் தெளிவாகிவிட்டது. கட்டிங் மெஷினும் டிரிம்மரும் ஸ்க்ரூ போடுகிற மெஷினும் நாள் முழுக்கக் கையில். டிரில் அவ்வப்போது. ஹாமர் மெஷின் சுவரில் பெட்டி மாட்டுகிற இரண்டு மூன்று நாள் மட்டும். கிரைண்டர் அலுமினிய புரொஃபைல் வெட்ட, அதுவும் பத்து நிமிடம். ஜிக்சா சிங்க்கும் அடுப்பும் உட்கார வேண்டிய இடத்தில் ஓட்டை போட, ஒரு வீட்டுக்கு ஒரு முறை. பிளானர்? பிளைவுட் வேலையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மேஸ்திரி வச்சிருந்தாருங்ண்ணா, அதான்” என்றார். அவருடைய மேஸ்திரி வாசல் நிலை, மரக்கதவு வேலையும் எடுப்பவர். தம்பி எடுப்பதில்லை. பிளானர் பட்டியலிலிருந்து போனது, கூடவே சாண்டரும்.

நாள் முழுக்க ஓடுகிற மூன்றுக்கு நல்ல பணம் போடுவது, பத்து நிமிட மெஷினை மலிவில் முடிப்பது, இரண்டு மூன்று நாள் மெஷினை வாடகைக்கு எடுப்பது என்று பேசி முடித்தோம். நல்லது என்றால் என்ன என்பதிலும் ஒரு வரையறை வைத்தோம். நான் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் உதிரிபாகத்தைப் பார்க்கச் சொல்வேன். அந்த மாடலுக்கு ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம்), ஃபீல்டு காயில் (அதைச் சுற்றி நிற்கிற சுருள்), கார்பன் (சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற கட்டை), சுவிட்ச் நம் ஊர்க் கடையில் இன்று கேட்டால் இன்று கிடைக்குமா? பாஷ், மகிட்டா, டிவால்ட் ஆகியவற்றின் பரவலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. ஹைகோகிக்கும் கிடைக்கும். இது பழைய ஹிட்டாச்சிதான், 2018-ல் பேர் மாறியது, அதனால் பழைய ஆட்கள் இன்னும் ஹிட்டாச்சி என்றுதான் கேட்பார்கள். சீனத் தயாரிப்பான டாங்செங்குக்கும் இப்போது உதிரி நன்றாகவே புழங்குகிறது. சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் தரும் குமி மெஷின்களும் உண்டு. ஆன்லைனில் மட்டும் இருக்கிற பிராண்டுகளில் சில மெஷின்கள் உண்மையிலேயே மோசமில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் பேரே இருக்காது. வேறு பேரில், வேறு நிறத்தில், சற்று வேறு அளவு ஆர்மேச்சரோடு அதே மெஷின் வரும். எரிந்ததைக் கொண்டுவந்து நீட்டுபவரிடம் நான் கையை விரிக்க வேண்டியிருக்கும்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. பாஷ் நீலம் தொழில்காரர்களுக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. டிவால்ட் மஞ்சளும் பிளாக் அண்டு டெக்கர் ஆரஞ்சும் ஒரே தாய்க் கம்பெனியின் பிள்ளைகள், அங்கேயும் பிரிவு இதேதான். பச்சையோ ஆரஞ்சோ கெட்ட மெஷின் என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்ட அவற்றைச் செய்யவில்லை. “பெரிய கம்பெனி மெஷின் குறைந்த விலைக்கு” என்று சந்தோஷப்படுகிற பலர் வாங்கிவருவது இதைத்தான்.

வாங்கப் போன இடம் டாக்டர் நஞ்சப்பா சாலை. கடைக்காரரிடம் நான் எப்போதும் கேட்பது, “ஓட்டிக் காட்டுங்க.” புது மெஷினாகவே இருந்தாலும் சரி. பிளக்கைச் சொருகி சுவிட்சை அழுத்தியதும் முதல் ஓரிரு நொடி சத்தத்தைக் கவனிக்க வேண்டும். சீராக ஏறி நிற்க வேண்டும். உறுமி உறுமி ஏறினால் பேரிங் அல்லது கியரில் கோளாறு. பிறகு மெஷினைச் சற்றுத் திருப்பிக் காற்றுத்துளை வழியாக உள்ளே பார்க்க வேண்டும். கார்பன், ஆர்மேச்சர் முனையிலுள்ள செம்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடுகிற இடத்தில் சின்னச் சின்ன நீலப் பொறி தெரிந்தால் அது இயல்பு, புதுக் கார்பன் உட்கார ஓரிரு மணி நேரம் ஆகும். பொறி வட்டமாகக் கம்யூட்டேட்டரைச் சுற்றி வந்தால் ஆர்மேச்சரில் பிழை, அந்த மெஷினைத் தொடவே வேண்டாம். அப்புறம் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பிண்டிலை (பிளேடோ பிட்டோ மாட்டுகிற அச்சு) விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரியக் கூடாது. பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இரட்டைக் காப்பு என்பதன் அடையாளம். அந்தக் குறி இல்லாமல், உலோக உடம்போடு, இரண்டு பின் வயரில் வருகிற மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய மெஷின் வாங்கலாமே என்று தம்பி உக்கடம் பக்கம் ஒரு நடை போய் வந்தார். எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை. மேலே சொன்ன சோதனைகளோடு இன்னொன்று: மூக்கருகே வைத்து மோந்து பார்க்க வேண்டும். ஒருமுறை எரிந்து கட்டிய காயிலில் கருகிய வார்னிஷ் வாடை போகவே போகாது. ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். பில் இல்லாததால் திருட்டு மெஷின் கையில் சேரும் ஆபத்தும் இருக்கிறது. அவர் பார்த்த இரண்டும் வாடையிலேயே தோற்றுவிட்டன.

அவர் வாங்கியவை.

கட்டிங் மெஷின் 4,500 ரூபாய்க்கு. உண்மையில் இது மார்பிள் கட்டர், கல்லும் டைல்ஸும் வெட்டச் செய்தது. 110 மில்லிமீட்டர் பிளேடு, நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பிளைவுட் இதில்தான் கிழிபடுகிறது என்று தயங்காமல் சொல்வேன். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. மரத்துக்கென்று செய்த 7 அங்குல சர்க்குலர் ரம்பத்தில் கீழே ஒரு மூடி இருக்கும், மரத்தை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங்கில் தானாகப் பிளேடை மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. கீழ்ப்பாதி பிளேடு எப்போதும் திறந்தே இருக்கும். சுற்று நிற்பதற்குள் மெஷினைத் தொடை மேல் வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நல்ல 7 அங்குல ரம்பம் இரண்டாயிரம், மூவாயிரம் கூட. எடையும் அதிகம், மைக்கா வெட்ட வாகாக இராது. தம்பியின் கை எட்டு ஆண்டாகப் பழகியது இதில்தான். பணம் இருந்தால் ரம்பம்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். இல்லாததால் நிபந்தனையோடு விட்டேன். மேல் மூடியைக் கழற்றக் கூடாது. மரத்துக்கான டி.சி.டி. (பல் நுனியில் கார்பைடு பதித்த) பிளேடில் அச்சிட்ட உச்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மெஷினைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி டேபிள் ரம்பம் ஆக்கக் கூடாது. கிரைண்டரில் மரப் பிளேடு போடுவது மட்டும் எந்த நிபந்தனையிலும் கூடாது. அதற்கு அடித்தட்டும் இல்லை, ஆழக் கட்டுப்பாடும் இல்லை, பிளேடு மரத்தில் கவ்வினால் மெஷின் நேராக முகத்துக்கு வரும்.

40 பல் பிளேடு இரண்டு, 750 ரூபாய். இந்த மொத்தப் பட்டியலில் பணத்துக்கு அதிகம் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மலிவு மெஷினில் நல்ல பிளேடு போட்டால் ஓரளவு நல்ல வெட்டு வரும். நல்ல மெஷினில் மொட்டைப் பிளேடு போட்டால் மைக்கா சில்லுச் சில்லாகப் போகும், மோட்டாரும் எரியும்.

பேட்டரி டிரைவர், 12 வோல்ட், இரண்டு பேட்டரியோடு 5,800. அவர் காட்டிய ஆன்லைன் மெஷினில் “48 விஎஃப்” என்று போட்டிருந்தது, விலை 2,400. நாற்பத்தெட்டு பெரிதா பன்னிரண்டு பெரிதா என்று கேட்டார். இந்த எண் விளையாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் சராசரி 18, முழு சார்ஜில் 21. அதே ஐந்து செல்லை ஒரு கம்பெனி 18 என்கிறது, இன்னொன்று 20 மேக்ஸ் என்கிறது, மூன்றாவது 21 என்கிறது. மூன்றும் ஒன்றே. அதன் பிறகு 48, 88, 128 என்று போடுபவர்கள் வோல்ட் என்று நேராகச் சொல்லாமல் ஒரு எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். என்னிடம் வந்து நான் பிரித்தவற்றில் உள்ளே ஐந்து செல்தான் இருந்தது. தம்பி வாங்கிய 12 வோல்ட் என்பதும் மூன்று செல்தான், சராசரி 10.8. கீலுக்கும் சேனலுக்கும் ஸ்க்ரூ போட அது தாராளம். கையில் கனக்காது, அலமாரிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது ஐந்து செல் மெஷினோடு உள்ள அரைக்கிலோ வித்தியாசம் மாலையில் தோளில் தெரியும். இரண்டு பேட்டரி ஏன்? ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில். ஒரு பேட்டரியோடு மலிவாகத் தருகிறேன் என்பது தொழில்காரருக்கு மலிவில்லை.

13 மில்லிமீட்டர் இம்பாக்ட் டிரில் 2,800. ஹாமர் மெஷின் வாங்கவில்லை. செங்கல் சுவருக்கு இந்த டிரில் போதும். கான்கிரீட் பீமிலோ தூணிலோ திணறும், ஏனென்றால் இதில் அடி வருவது இரண்டு பல்சக்கரம் ஒன்றின் மேல் ஒன்று தட்டுவதால். நாம் அழுத்துகிற அழுத்தமே அடியாகிறது. ஹாமர் மெஷினில் உள்ளே பிஸ்டன் காற்றை அமுக்கி அடிக்கிறது, நாம் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு வாடகை நாளுக்கு 350 ரூபாய் என்று பக்கத்துக் கடையில் பேசிவைத்தார்.

டிரிம்மர். இங்கேதான் தம்பி என் பேச்சைக் கேட்கவில்லை. நல்லது 5,000 கேட்டார்கள், கடையில் பேர் தெரியாத ஒன்று 1,900. கையில் வைத்துப் பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருந்தன. வாங்கிவிட்டார். கிரைண்டரையும் ஜிக்சாவையும் மலிவிலேயே, இரண்டும் சேர்ந்து 3,000. அதில் எனக்கு முழுச் சம்மதம்.

மிச்சத்தில் பிட், பெட்டி, கண்ணாடி, மாஸ்க், காதடைப்பான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வீட்டில் கிடந்ததைக் கொண்டுபோவதாகச் சொன்னார். ஆக 21,000 சில்லறை முடிந்தது. ஒன்பதாயிரம் அளவுக்குக் கையில் நின்றது. நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் தவணைக் கூலி வரும்வரை ஹெல்பருக்குக் கொடுக்கவும், ஏதாவது எரிந்தால் பார்க்கவும் அந்தப் பணம் வேண்டும். முப்பதாயிரத்துக்கும் மெஷின் வாங்கியவன் முதல் வாரமே மெஷினை அடகு வைப்பான்.

இனி ஓராண்டில் நடந்தது.

டிரிம்மர் முதல் வீடு முடிவதற்குள் போனது. எரியவில்லை. எரிந்திருந்தால் நஷ்டம் குறைவு. டிரிம்மர் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று ஓடுவது, அதாவது நொடிக்கு ஐந்நூறு. அந்த வேகத்தில் பேரிங்கில் மயிரிழை ஆட்டம் வந்தாலும் பிட்டின் நுனி கண்ணுக்குத் தெரியாமல் அலைகிறது. ஒட்டி முடித்த வார்ட்ரோப் கதவின் ஓரத்தில் மைக்கா அலை அலையாகக் கடிபட்டிருந்தது. முதலில் பிட் மொட்டை என்று நினைத்து மாற்றினார். அடுத்த கதவிலும் அதே. மெஷினை என்னிடம் கொண்டுவந்தார். பிட்டைக் கழற்றி ஒரு நேர்க்கம்பியை காலெட்டில் (பிட்டைக் கவ்வுகிற பிடி) மாட்டிக் கையால் சுற்றினேன், நுனி வட்டம் போட்டது. காலெட்டும் 6 மில்லிமீட்டர் என்று சொல்லி கால் அங்குலத்துக்குத் தளர்வாகக் கடைந்தது. கால் அங்குலம் என்றால் 6.35. அதில் 6 மில்லிமீட்டர் பிட்டை எவ்வளவு இறுக்கினாலும் வேலைக்கு நடுவே நழுவும். நழுவினால் கதவோடு போகும் என்று உத்தரவாதமில்லை. இரண்டு கதவுக்கு மைக்காவைச் சுரண்டி மறுபடி ஒட்டினார். ஷீட் விலை, ஒட்டுப் பசை, ஒன்றரை நாள் வேலை. 5,000 ரூபாய் டிரிம்மரை மறுநாளே வாங்கினார், கையில் நிறுத்திய பணத்திலிருந்து.

மலிவு கிரைண்டரும் ஜிக்சாவும் இன்றைக்கும் ஓடுகின்றன. கிரைண்டரின் சுவிட்ச் ஒருமுறை ஒட்டிக்கொண்டது, 60 ரூபாய் சுவிட்ச் மாற்றினேன். அவ்வளவுதான். மலிவு மெஷின் என்றாலே குப்பை என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இருபது நிமிடம் ஓடுகிற மெஷினுக்கு நான்காயிரம் போடுவது வீண்.

எரிந்தது நல்ல மெஷின். 4,500 கொடுத்து வாங்கிய கட்டிங் மெஷின் ஐந்தாவது மாதம் புகை விட்டது. வாரன்டி இருந்தது. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து, ஓவர்லோடு, வாரன்டியில் வராது என்றார்கள். தம்பிக்குக் கோபம். என்னிடம் கொண்டுவந்தபோது நானும் பார்த்தேன். ஆர்மேச்சர் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தது. தயாரிப்புக் கோளாறு என்றால் ஓர் இடத்தில் எரிந்திருக்கும். முழுக்கக் கறுத்தால் மொத்த மோட்டாரும் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். வேலை நடந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன். மூன்றாவது மாடி, மீட்டர் கீழே. மின்சாரம் கீழிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் வயரில் மேலே போகிறது. அந்த வயர் அவருடைய பழைய எக்ஸ்டென்ஷன், தடிமன் 0.75 சதுர மில்லிமீட்டர். ஃபேனுக்கும் லைட்டுக்குமானது.

கணக்கு இது. 0.75 வயரில் மீட்டருக்கு 0.026 ஓம் தடை. போக வர 80 மீட்டர், ஆக 2 ஓம் சொச்சம். மெஷின் 6 ஆம்பியர் இழுக்கும்போது 12 வோல்ட் வயரிலேயே போகிறது. பிளேடு திணறி 12 ஆம்பியர் இழுத்தால் 25 வோல்ட். கட்டட வேலை நடக்கிற இடத்தில் வருவதே 210 என்றால் மெஷினுக்குக் கிடைப்பது 185. வோல்ட் குறைந்தால் சுற்று குறையும். சுற்று குறைந்தால் வெட்டு மந்தமாகும், நாம் இன்னும் அழுத்துவோம், மோட்டார் இன்னும் இழுக்கும். அதே நேரத்தில் மோட்டாரைக் குளிரவைக்கிற விசிறி அதே அச்சில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு உள்ளேயே தங்கும். காற்றுத்துளையில் பிளைவுட் தூள் அப்பிக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். இதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் 6 ஆம்பியருக்கு இழப்பு 4 வோல்ட்டுக்கும் கீழே. மெஷின் கம்பெனியை அன்று திட்டியது நியாயமில்லை.

சரி செய்ய மூன்று வழி இருந்தது. கம்பெனி ஆர்மேச்சர் 1,300 ரூபாய், டூப்ளிகேட் 600, நான் கட்டித் தந்தால் 550. ரீவைண்டிங் என் பிழைப்பு, இருந்தாலும் கம்பெனி ஆர்மேச்சரையே போடச் சொன்னேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுகிற பொருளில் கைக்கட்டு எடைச்சமம் கொஞ்சம் தவறினாலும் பேரிங் சீக்கிரம் போகும். பம்ப் மோட்டார் போல மெதுவாகச் சுற்றுவதற்கும் பெரிய ஹாமர் மெஷினுக்கும் கட்டுவது லாபம், சின்ன மெஷினுக்கு அப்படியில்லை. அன்றே அந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் புது பாக்ஸ் ஒன்று கட்டிக்கொடுத்தேன். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச்) உள்ளேயே இருக்கிறது, கசிவு வந்தால் உடனே டிரிப் ஆகும். மொத்தம் 3,400. வேலை இடத்தில் பிளக் இல்லாமல் வயர் நுனியைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற பழக்கம் அவருக்கும் இருந்தது. பாக்ஸில் 16 ஆம்பியர் பிளக் போட்டதும் அது போனது. இரண்டு நாளுக்கு ஒருமுறை புளோயரில் தூள் ஊதுகிறார். கார்பன் இரண்டு ஜோடி பெட்டியிலேயே வைத்திருக்கிறார். அதற்குப் பின் அந்த மெஷின் என் கடைக்கு வரவில்லை.

ஹாமர் மெஷின் வாடகைக் கணக்கை ஹெல்பர் ஒரு நோட்டில் எழுதிவந்தார். நான்கு வீடு முடிந்தபோது வாடகை 4,000-ஐத் தாண்டியிருந்தது. அப்போது இரண்டு கிலோ வகை ஹாமர் மெஷின் ஒன்றை 6,500-க்கு வாங்கினார், கடனில்லாமல். முதலிலேயே வாங்கியிருந்தால் மிச்சம்தானே என்று அவர் அம்மா கேட்டாராம். கணக்குப்படி மிச்சம்தான். ஆனால் முதல் மாதம் அந்த 6,500 பெட்டியில் கிடந்திருந்தால் டிரிம்மர் மாற்றவோ ஹெல்பருக்குக் கொடுக்கவோ பணம் இருந்திருக்காது. சில சமயம் வாடகை அதிகம் கொடுத்தாவது கையில் காசு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்குள் 18 வோல்ட்டுக்கு மாறலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. மாறினால் ஒரே கம்பெனியின் பேட்டரிக் குடும்பத்துக்குள் போய்விடுவோம். அடுத்த மெஷினைப் பேட்டரி இல்லாமல் வெறும் உடம்பாக வாங்கலாம் என்பது லாபம், வேறு கம்பெனிக்குப் போக முடியாது என்பது கட்டு. அவருடைய 12 வோல்ட் இன்னும் சலிக்காமல் ஓடுவதால் பேச்சு அதோடு நின்றது.

இப்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பது ஏர் கம்ப்ரசரும் நெய்லர் துப்பாக்கியும். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள், சுத்தியலால் ஆணி அடித்தால் பழங்காலத்து ஆள் என்று பார்க்கிறார்கள் என்கிறார். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டாயிரம் வரும். ஒரு ஹெல்பரோடு ஒரு நேரத்தில் ஒரு வீடு என்ற அளவில் அது மிச்சப்படுத்துவது நாளுக்கு முக்கால் மணி நேரம் இருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சரவணம்பட்டியில் ஒரு வில்லா வேலை பேச்சில் இருக்கிறது, அது வந்தால் இன்னும் இரண்டு ஆள் சேர்ப்பார். அப்போது வாங்கலாம். எண்ணெய் இல்லாத கம்ப்ரசரா, பெல்ட் போட்டதா என்பதை அந்த வேலை உறுதியான பிறகு பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம்.